கேம் பெட்டி ரிப்பேரா? 'ஃபார்மட்' பட்டனை அமுக்கும் முன் இதைப் படிங்க!

டி.வி.யில் இணைத்து விளையாடும் கேம் பெட்டி திடீரென்று மக்கர் பண்ணினால் நாம் என்ன செய்வோம்? பக்கத்தில் உள்ள கடைக்குத் தூக்கிப் போவோம். கடைக்காரர் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் மாட்டுவார். "டிஸ்க் காலியாத்தான் இருக்கு, ஃபார்மட் பண்ணிடவா?" என்பார். நாமும் தலையை ஆட்டி விடுவோம்.

அந்த ஒரு தலையாட்டலில் வருஷக் கணக்கில் சேர்த்து வைத்த போட்டோ, வீடியோ, விளையாட்டுப் பதிவு எல்லாம் போச்சு! காலி என்று கம்ப்யூட்டர் சொன்ன டிஸ்க் உண்மையில் காலியே இல்லை. பூட்டிக் கிடந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பூட்டு என்ன, சாவி எங்கே இருக்கிறது, உள்ளே என்னென்ன அறைகள் இருக்கின்றன, எப்போது அழிக்கலாம், எப்போது அழிக்கக் கூடாது என்பது பற்றிய விவரம் வருமாறு:-

போனில் சொன்ன ஒரு வார்த்தை

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லி விடுகிறேன். என் அக்கா வீட்டுக்காரர் வளைகுடா நாட்டில் வேலை பார்த்தவர். 2009-ல் லீவில் வந்தபோது மகனுக்காக ஒரு பிளேஸ்டேஷன்-3 பெட்டி வாங்கி வந்தார். லீவில் இருந்த நாட்களில் எடுத்த போட்டோக்களை கேமராவில் இருந்து அந்தப் பெட்டிக்குள் ஏற்றி, டி.வி.யில் போட்டுக் காட்டுவார். கேமரா கார்டு நிறைந்ததும் அதை அழித்து விட்டு மறுபடியும் படம் எடுத்தார். பெட்டியில்தான் பத்திரமாக இருக்கிறதே என்ற நம்பிக்கை.

சில வருஷங்களுக்குப் பிறகு அத்தான் மாரடைப்பில் காலமாகி விட்டார். பெட்டியும் பரண் மேலே ஏறியது. அக்கா மகன் காலேஜ் சேர்ந்த பிறகு அதை எடுத்துப் போட்டிருக்கிறான். தொடக்கத் திரையிலேயே நின்று விட்டது. கடைக்குக் கொண்டு போனான். அங்கிருந்து எனக்கு போன்.

"மாமா, டிஸ்க்ல ஒண்ணுமே இல்லையாம். ஃபார்மட் பண்ணட்டுமான்னு அண்ணன் கேக்குறாரு. என்ன சொல்ல?"

நான் ஒரு விபத்துச் செய்தி எடுக்க ஆஸ்பத்திரி வாசலில் நின்று கொண்டிருந்தேன். "அவர் தொழில் தெரிஞ்சவர்டா, அவர் சொல்றபடி செய்" என்று சொல்லி போனை வைத்து விட்டேன்.

அன்று சாயங்காலம் பெட்டி பளிச்சென்று வேலை செய்தது. உள்ளே ஒரு படம்கூட இல்லை. அக்கா என்னைத் திட்டவில்லை. "விடு தம்பி, உனக்கு என்ன தெரியும்" என்றாள். அந்த வார்த்தைதான் இன்று வரை குத்துகிறது. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தோண்டித் துருவிப் படிக்க ஆரம்பித்தேன்.

8 கோடிப் பெட்டிகள்

பிளேஸ்டேஷன்-3 பெட்டியை ஜப்பானின் சோனி நிறுவனம் 2006-ம் ஆண்டு நவம்பர் 11-ந்தேதி அந்த நாட்டில் விற்பனைக்கு விட்டது. 6 நாள் கழித்து நவம்பர் 17-ந்தேதி அமெரிக்காவில் வந்தது. உலகம் முழுவதும் 8 கோடிக்கும் மேல் விற்பனையான பெட்டி இது. புதிதாகத் தயாரிப்பது நின்று விட்டாலும், பழைய பெட்டிகள் இன்றும் செகண்ட் ஹேண்டில் கை மாறிக் கொண்டுதான் இருக்கின்றன.

முதலில் 20 ஜி.பி., 60 ஜி.பி. என்று இரண்டு அளவில் ஹார்டு டிஸ்க்குடன் வந்தது. இந்த டிஸ்க் ஏதோ அபூர்வப் பொருள் அல்ல. லேப்டாப்பில் இருக்கும் அதே இரண்டரை இஞ்ச் டிஸ்க்தான். பெட்டியின் மூடியைத் திறந்து சொந்தக்காரரே கழற்றலாம், பெரிய டிஸ்க் வாங்கி மாற்றலாம். அதற்கான வழிமுறையை நிறுவனமே வெளியிட்டது.

இங்கேதான் வில்லங்கம். கழற்ற முடிகிற டிஸ்க் என்றால் யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் மாட்டி, விளையாட்டைக் காப்பி அடித்து விற்கலாம். விளையாட்டில் எடுத்த மார்க்கைத் திருத்தலாம். இதைத் தடுக்கத்தான் டிஸ்க் முழுவதையும் ரகசிய மொழியில் எழுதி வைத்தார்கள். ஏதோ ஒரு மூலையை மட்டும் அல்ல, முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை.

58 இலக்கச் சாவி

சூட்கேஸில் மூன்று எண் பூட்டு பார்த்திருப்பீர்கள். 000-ல் இருந்து 999 வரை மொத்தம் ஆயிரம் விதம். பொறுமையாக உட்கார்ந்து திருப்பினால் ஒரு மணி நேரத்தில் திறந்து விடலாம்.

இந்தப் பெட்டியில் போட்டிருப்பது ஏ.இ.எஸ். என்ற பூட்டு. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இருவர் உருவாக்கியது. 2001-ல் அமெரிக்க அரசு இதைத் தன் தரமாக ஏற்றுக் கொண்டது. நெட் பேங்கிங் உட்பட இன்று உலகம் முழுக்கப் பல இடங்களில் இருப்பது இந்தப் பூட்டுதான்.

முதலில் வந்த மாடல்களில் 192 பிட் சாவி. எத்தனை விதமான சாவி சாத்தியம் என்று எழுதினால் அந்த எண்ணுக்கு 58 இலக்கம் வரும். உலகத்தில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரையும் சேர்த்து ஓட்டினாலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது நடக்காத காரியம். பின்னால் வந்த மாடல்களில் 128 பிட் சாவி இரண்டைச் சேர்த்துப் பயன்படுத்தினார்கள்.

சாவியின் நீளம் குறைந்து விட்டதே, பூட்டு பலவீனமாகி விட்டதா என்று கேட்கலாம். அப்படி இல்லை. டிஸ்க்கை ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் என்று வைத்துக் கொள்ளுங்கள். பழைய முறையில் இரண்டு பக்கத்தில் ஒரே விஷயத்தை எழுதினால், பூட்டிய பிறகும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். எந்தப் பக்கங்கள் காலி என்று மோப்பம் பிடித்து விடலாம். புதிய முறையில் பக்க எண்ணையும் சேர்த்துக் குழப்பி எழுதினார்கள். அதனால் ஒரே விஷயம் பத்துப் பக்கத்தில் இருந்தாலும் பத்தும் பத்து விதமாகத் தெரியும்.

சாவி எங்கே இருக்கிறது?

இதுதான் எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம். சாவி டிஸ்க்கில் இல்லை. நீங்கள் போடும் பாஸ்வேர்டிலும் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் மதர்போர்டில் இருக்கிறது.

ஒவ்வொரு பெட்டிக்கும் தொழிற்சாலையிலேயே தனித்தனி ரகசிய எண் கொடுக்கப்படுகிறது. அந்த எண்ணில் இருந்துதான் டிஸ்க்குக்கான சாவி உருவாகிறது. டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு தகவலையும் நடுவில் உள்ள ஒரு சிப் ரகசிய மொழியாக்கி அனுப்புகிறது. திரும்பி வரும்போது அதே சிப் நல்ல மொழியாக்கித் தருகிறது. விளையாடுபவருக்கு இது எதுவுமே தெரியாது.

ஆகவே உங்கள் டிஸ்க்கை எதிர் வீட்டுக்காரரின் அதே மாடல் பெட்டியில் மாட்டினாலும் திறக்காது. அந்தப் பெட்டி டிஸ்க்கைப் பார்த்து விட்டு, 'இதை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கேட்கும். கம்ப்யூட்டரும் அப்படியே. அதன் கண்ணுக்கு எல்லாம் தாறுமாறான எழுத்து. அதனால்தான், 'இந்த டிஸ்க் இன்னும் தயார் செய்யப்படவில்லை, தயார் செய்யட்டுமா?' என்று கேட்கிறது. நம் கடைக்காரர் இதைத்தான் 'காலி' என்று புரிந்து கொண்டார்.

மதர்போர்டு முற்றிலும் செத்து விட்டால் சாவியும் அதோடு சேர்ந்து போன மாதிரிதான். டிஸ்க் நன்றாகவே இருக்கும், ஆனால் திறக்க ஆள் இருக்காது.

உள்ளே எத்தனை அறை?

பூட்டுக்குப் பின்னால் டிஸ்க் ஒரே ஹாலாக இல்லை. நெல் குடோனில் தடுப்புச் சுவர் வைத்துப் பிரித்திருப்பது போல அறை அறையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கம்ப்யூட்டர்காரர்கள் இதைப் பார்ட்டிஷன் என்பார்கள்.

குடோன் வாசலில் ஒரு ரிஜிஸ்டர் இருக்குமல்லவா? டிஸ்க்கின் தொடக்கத்திலும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. எந்த அறை எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று அதில் எழுதியிருக்கும். இது சரியான பட்டியல்தான் என்று அடையாளம் காட்ட இரண்டு முத்திரை எண்கள். கம்ப்யூட்டர்காரர்கள் எழுதும் முறையில் அவற்றை எழுதினால் 'ஃபேஸ் ஆஃப்', 'டெட் ஃபேஸ்' என்று படிக்கும்படி வரும். என்ஜினீயர்களின் குறும்பு!

பெரிய அறை விளையாட்டுக்கானது. வாங்கிய விளையாட்டுகள், விளையாடிய பதிவுகள், போட்டோ, பாட்டு, வீடியோ எல்லாம் இங்கேதான். இந்த அறையில் பொருட்களை அடுக்கி வைக்கும் முறைக்கு யு.எஃப்.எஸ்.-2 என்று பெயர். பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர்களில் பிறந்து வளர்ந்த யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது.

இதிலும் ஒரு சுவாரஸ்யம் உண்டு. இந்த அடுக்கு முறையின் முத்திரை எண் 19540119. அது என்ன தெரியுமா? ஒரு மனிதரின் பிறந்த நாள்! இந்த முறையை உருவாக்கிய அமெரிக்கர் கிர்க் மெக்குசிக் பிறந்தது 1954-ம் ஆண்டு ஜனவரி 19-ந்தேதி. தன் பிறந்த நாளையே முத்திரையாக வைத்து விட்டார். பூட்டைச் சரியாகத் திறந்தோமா என்று பரிசோதிப்பவர்கள் முதலில் தேடுவது இந்தப் பிறந்த நாளைத்தான். அது கண்ணில் பட்டால் சாவி சரி. படாவிட்டால் சாவி தவறு.

ஆனால் அதைப் படிப்பதிலும் ஒரு சிக்கல். தேதியை நாம் நாள், மாதம், வருஷம் என்று எழுதுவோம். ஜப்பான்காரர்கள் வருஷம், மாதம், நாள் என்று எழுதுவார்கள். தேதி ஒன்றுதான், வரிசைதான் வேறு. அதுபோல இந்தப் பெட்டியின் செல் பிராசசர் எண்களைப் பெரிய முனையில் இருந்து எழுதும். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் சின்ன முனையில் இருந்து எழுதும். அதனால் பூட்டைத் திறந்த பிறகும் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டால்தான் கம்ப்யூட்டருக்குப் புரியும்.

இன்னொரு சின்ன அறை தற்காலிகப் பயன்பாட்டுக்கு. ஓடிக் கொண்டிருக்கும் விளையாட்டு அடிக்கடி தேவைப்படும் சாமான்களை இங்கே வைத்து எடுத்துக் கொள்ளும். இது பென் டிரைவில் இருக்கும் அதே ஃபேட்-32 முறை. இதை அழித்தால் பெரிய நஷ்டம் இல்லை.

பின்னால் வந்த மாடல்களில் மூன்றாவதாக ஒரு அறையும் உண்டு. பெட்டியை இயக்கும் மென்பொருளின் ஒரு பகுதி அதில் இருக்கிறது. முதல் மாடல்களில் 256 எம்.பி. கொள்ளளவு கொண்ட தனி நினைவகச் சிப் இருந்தது. மென்பொருள் முழுக்க அதிலேயே அடங்கியது. பிறகு செலவைக் குறைக்க 16 எம்.பி. சிப்பாக மாற்றி விட்டு, மிச்சத்தை டிஸ்க்குக்குத் தள்ளி விட்டார்கள். அதனால் புதிய மாடலில் டிஸ்க் மாற்றினால் பென் டிரைவில் மென்பொருளை எடுத்து வைத்துக் கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். இது தெரியாமல், 'புது டிஸ்க் போட்டேன், பெட்டியே ஓடவில்லை' என்று புலம்பியவர்கள் பலர்.

சண்டை மூட்டிய நான்காவது அறை

ஒரு காலத்தில் நான்காவது அறையும் இருந்தது. அதில் லினக்ஸ் போட்டுப் பெட்டியைக் கம்ப்யூட்டராகவே பயன்படுத்தலாம். நிறுவனமே கொடுத்த வசதி இது. அறைப் பங்கீடும் எளிது. லினக்ஸுக்கு 10 ஜி.பி., மிச்சம் விளையாட்டுக்கு. அல்லது விளையாட்டுக்கு 10 ஜி.பி., மிச்சம் லினக்ஸுக்கு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் டிஸ்க் முழுவதும் அழிந்து, புதிதாகச் சுவர் எழுப்பப்படும். லினக்ஸ் அறையில் இருப்பவர் பக்கத்து விளையாட்டு அறையை எட்டிப் பார்க்க முடியாது. நடுவில் ஹைப்பர்வைசர் என்ற காவல் மென்பொருள் நிற்கும்.

இந்த வசதியை நம்பி அமெரிக்க விமானப் படை 1,700-க்கும் மேற்பட்ட பெட்டிகளை இணைத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரையே கட்டியது. நியூயார்க் மாநிலம் ரோம் நகரில் 2010-ல் அது இயங்கத் தொடங்கியது.

அதே 2010 தொடக்கத்தில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர், லினக்ஸ் அறையில் இருந்தபடியே காவல்காரரை ஏமாற்றி விட்டதாக அறிவித்தார். அடுத்து நடந்ததுதான் பரபரப்பு. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஏப்ரல் 1-ந்தேதி வெளியிட்ட 3.21 மென்பொருளில் லினக்ஸ் வசதியையே நிறுவனம் எடுத்து விட்டது. மென்பொருளைப் புதுப்பித்தால் லினக்ஸ் போகும். புதுப்பிக்காவிட்டால் ஆன்லைனில் விளையாட முடியாது. இரண்டில் ஒன்று.

காசு கொடுத்து வாங்கிய வசதியை எப்படிப் பறிக்கலாம் என்று வாங்கியவர்கள் அமெரிக்காவில் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு வருஷக் கணக்கில் இழுத்தது. கடைசியில் 2018-ல் 37½ லட்சம் டாலர் ஒதுக்கி, பாதிக்கப்பட்டவர்களுக்கு தலா 65 டாலர் வரை கொடுப்பதாக சமரசம் ஆனது.

இதற்கு நடுவே 2010 டிசம்பரில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் நடந்த கம்ப்யூட்டர் மாநாட்டில் ஒரு குழுவினர் மேடையேறி, நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்தில் உள்ள ஓட்டையை விளக்கினார்கள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் வேறு வேறு எண்ணைப் போட வேண்டிய இடத்தில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டிருந்தார்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டு ரகசியச் சாவியைப் பிடித்து விட்டார்கள். 2011 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் பெட்டியின் மூலச் சாவியையே வெளியிட்டார். அவர் மீது வழக்கு போடப்பட்டது. சில மாதங்களில் அதுவும் சமரசத்தில் முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது உடைந்தது மென்பொருளின் கையெழுத்து. டிஸ்க்கின் ஏ.இ.எஸ். பூட்டு உடையவில்லை. அந்த ஓட்டை வழியாகப் பெட்டிக்குள் நுழைந்தவர்கள், அந்தந்தப் பெட்டியின் சாவியை எடுக்கக் கற்றுக் கொண்டார்கள். சாவி கையில் கிடைத்தால் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டி அறைகளைப் படிக்கலாம். ஆனால் அதற்கும் பெட்டி உயிரோடு இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் 65-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட பூட்டை உடைத்தால் 2 வருஷம் வரை ஜெயில், அபராதமும் உண்டு. திருட்டு விளையாட்டு ஏற்றித் தருகிறேன் என்று கூப்பிடுபவர்களிடம் உஷாராக இருப்பது நல்லது.

போலீஸ் எப்படிப் பரிசோதிக்கிறது?

வெளிநாடுகளில் குற்ற வழக்குகளில் கேம் பெட்டிகளும் ஆதாரமாகச் சிக்குவது உண்டு. கம்ப்யூட்டரில் மாட்டினால் ஒன்றும் தெரியாது. பெட்டியிலேயே போட்டு ஓட்டினால் டிஸ்க்கில் ஏதாவது எழுதப்பட்டு ஆதாரம் கெட்டு விடும். அப்படியானால் என்னதான் செய்வது?

ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த வழி இதுதான். டிஸ்க்கில் எதையும் எழுத விடாத தடுப்புக் கருவியை நடுவில் வைத்து, ஒரு எழுத்து விடாமல் அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுப்பார்கள். பூட்டிய நிலையிலேயே நகல். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. பிறகு அசல் டிஸ்க்குக்கு சீல் வைத்து விட்டு, நகலை அதே பெட்டியில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். சாவி பெட்டியில்தானே இருக்கிறது? அதனால் நகலும் திறக்கும். கெட்டால் நகல்தான் கெடும், அசல் பத்திரம்.

படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. கடைக்காரர் அன்று செய்ய வேண்டியிருந்ததும் இதைத்தான். ஒரு பழைய லேப்டாப் டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்திருந்தால் போதும்.

அழிக்கும் முன் இதைச் செய்யுங்க

பெட்டி தொடக்கத்திலேயே நின்று விட்டால் டிஸ்க் செத்து விட்டது என்று அர்த்தம் இல்லை. நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பெட்டி எழுதிக் கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ரிஜிஸ்டரில் பாதி வரி எழுதி, பாதி விட்டுப் போகும். அடுத்த முறை போடும்போது குழம்பி நிற்கும். இதைச் சரி செய்யப் பெட்டியிலேயே வழி வைத்திருக்கிறார்கள். அதற்கு 'சேஃப் மோட்' என்று பெயர்.

பெட்டியை அணைத்து விட்டு, பவர் பட்டனை விடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். பெட்டி உயிர் பெற்றுத் தானாகவே மறுபடி அணையும். கையை எடுத்து விட்டு மீண்டும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். வேகமாக இரண்டு முறை 'பீப்' சத்தம் கேட்டதும் கையை எடுக்கலாம். கண்ட்ரோலரை ஒயரில் இணைத்தால் திரையில் 6 வரிகள் வரும்.

முதல் வரி, பெட்டியைத் திரும்ப ஓட்டுவது. இரண்டாவது, அமைப்புகளைப் பழையபடி மாற்றுவது. மூன்றாவது 'ரெஸ்டோர் ஃபைல் சிஸ்டம்'. ரிஜிஸ்டரில் உள்ள பிழைகளைத் தேடித் திருத்தும். நான்காவது 'ரீபில்ட் டேட்டாபேஸ்'. அறையில் உள்ள சாமான்களை எண்ணிப் பார்த்துப் புதிய பட்டியல் எழுதும். மெசேஜ், பாட்டு வரிசை போன்ற சில்லறைகள் போகலாம், விளையாட்டும் போட்டோவும் தங்கும்.

ஐந்தாவது வரிதான் எமன். 'ரெஸ்டோர் பி.எஸ்.-3 சிஸ்டம்'. பெயரில் 'ரெஸ்டோர்' என்று இருப்பதைப் பார்த்து ஏமாந்து விடாதீர்கள். இது டிஸ்க்கையே துடைத்து விடும். மூன்றையும் நான்கையும் முயற்சிக்காமல் ஐந்துக்குப் போகவே கூடாது. ஆறாவது வரி, மென்பொருளைப் புதுப்பிப்பது.

மேலும் சில விஷயங்கள்:-

* பெட்டி நன்றாக ஓடும்போதே 'பேக்கப்' எடுங்கள். ஃபேட்-32 முறையில் தயார் செய்த வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுக்கலாம். சில விளையாட்டுப் பதிவுகள் அதே பெட்டிக்கு மட்டுமே திரும்பப் போகும். போட்டோ, வீடியோவைத் தனியாகப் பென் டிரைவிலும் காப்பி செய்து விடுங்கள். அதை எந்தக் கம்ப்யூட்டரிலும் பார்க்கலாம்.

* பழைய பெட்டியில் இருந்து அதே மாடல் வரிசையில் உள்ள இன்னொரு பெட்டிக்கு மாற்ற வேண்டுமா? இரண்டையும் நெட்வொர்க் ஒயரில் இணைத்து மாற்றும் வசதி உண்டு. ஆனால் இரண்டும் ஓட வேண்டும். வாங்கிக் கொள்ளும் பெட்டியில் ஏற்கனவே இருப்பது அழிந்து விடும்.

* டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டும்போது ஏதாவது கேட்டால் 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். 'ஆம்' என்று ஒரு முறை அமுக்கினாலே டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள ரிஜிஸ்டர் மேல் கம்ப்யூட்டர் வேறு எழுதி விடும். பிறகு பெட்டியே தன் டிஸ்க்கை அடையாளம் தெரியாமல் ஃபார்மட் கேட்கும்.

* புது டிஸ்க் வாங்கினால் 9.5 மில்லி மீட்டர் தடிமனுக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே நுழையாது. பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள். அதே பெட்டியில் மறுபடி மாட்டினால் அப்படியே திறக்கும்.

விற்பவர்கள் கவனத்துக்கு

பூட்டு இருக்கிறதே, அப்படியே விற்றால் என்ன என்று நினைக்கலாம். டிஸ்க்கை மட்டும் விற்றால் பிரச்சினை இல்லை, வாங்குபவரால் படிக்க முடியாது. ஆனால் பெட்டியோடு விற்றால் பூட்டையும் சாவியையும் ஒரே கையில் கொடுத்த மாதிரி. வாங்கியவர் போட்டதும் உங்கள் குடும்பப் படம் அவர் வீட்டு டி.வி.யில் ஓடும்.

அதனால் விற்கும் முன் ஆன்லைன் கணக்கை அந்தப் பெட்டியில் இருந்து நீக்கி விட்டு ஃபார்மட் செய்ய வேண்டும். 'குவிக்', 'ஃபுல்' என்று இரண்டு விதம் கேட்கும். குவிக் என்பது ரிஜிஸ்டரை மட்டும் கிழித்துப் போடுவது. சாமான்கள் குடோனிலேயே கிடக்கும். ஃபுல் என்பது அறை அறையாகப் போய்த் துடைப்பது. பல மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டு விட்டுத் தூங்கலாம். நடுவில் கரண்ட் போகாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

2013-ல் வந்த பிளேஸ்டேஷன்-4 பெட்டியிலும் இதே கதைதான். டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினால் எதுவும் தெரியாது. அதனால் எந்தப் பெட்டியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் 'காலி' என்று சொன்னால் உடனே நம்ப வேண்டாம்.

இப்போது அக்கா வீட்டில் அந்தப் பெட்டி இருக்கிறது. அத்தானோடு வேலை பார்த்த ஒருவரிடம் மாப்பிள்ளை கேட்டு வாங்கிய நான்கு படங்கள் மட்டும் அதில் இருக்கின்றன. கூடவே ஒரு பென் டிரைவிலும், பிரிண்ட் போட்டுச் சுவரிலும்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு பெட்டி கிடந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கித் தூசி தட்டி ஓட்டிப் பாருங்கள். ஓடினால் முதல் வேலையாகப் படங்களைக் காப்பி எடுங்கள். விளையாட்டெல்லாம் அப்புறம்.